சீசர் சோறு தின்பதில்லை

தட்டில் வைத்த குருணைச் சோறு வைத்தபடியே ஆறிக் கிடந்தது. பெனிட்டா முள் எடுத்துப் பிசைந்து போட்ட மடவை மீனிலும் ஒரு துணுக்குக் குறையவில்லை. ஆனால் சீசர், வயிறு முட்டத் தின்ற நாய் செய்வதுபோல, நாக்கைச் சுழற்றிக் கடைவாயை நக்கிக்கொண்டிருந்தது.

அவள் சுற்றும் முற்றும் பார்த்தாள். சங்கிலி தூணில் கட்டியபடியே இருந்தது. வேலிப் படலைத் தாண்டி யாரும் வந்த தடமில்லை. முந்தின நாள் மழையில் முற்றத்து மணல் வழித்துவிட்டாற்போல் இருந்தது.

"யாருடா உனக்குப் போட்டது?" என்றாள்.

சீசர் ஒரு ஏப்பம் விட்டது. அதில் மீன் வாசனை இல்லை. சோற்று வாசனையும் இல்லை.

ஐப்பசி கடைசியில் உப்பு ஏரிக்கு மீன் பிடிக்கப் போன அவள் புருஷன் ஜோஷ்வா திரும்பி வரவில்லை. படகு மட்டும் தீவுப் பக்கத்துச் சேற்றில் தட்டி நின்றது. கூடவே போயிருந்த சீசர் விடிகாலையில் நீந்திக் கரை சேர்ந்தது. வாயெல்லாம் ரத்தம், மேல் கோரைப்பல் பாதி உடைந்திருந்தது. காற்றில் தவறி விழுந்திருப்பான் என்று போலீஸ் எழுதிக்கொண்டு போனது. தோணிரேவு ஊரில் பாதிப் பேர் அதை நம்பவில்லை. ஆனாலும் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

ஏரியில் எந்த இடத்தில் யார் எந்த நாளில் வலை போடுவது என்பதற்கு முறை உண்டு. மோட்டார் படகு வைத்திருந்த செங்கல்வராயன் அடுத்தவர் முறையில் வலை கட்டுவதை ஊர்க் கூட்டத்தில் எழுந்து நின்று கேட்டவன் ஜோஷ்வா ஒருவன்தான். கேட்டதோடு நிற்காமல், மறுநாள் போய் அந்த வலைக் கழிகளைப் பிடுங்கியும் போட்டான். அதன் பிறகு ஒரு வாரம்கூட அவன் இல்லை.

பிணம் கிடைக்காததால் பெட்டியில்லாமலே ஜெபம் நடந்தது. செங்கல்வராயன் வந்திருந்தார். வெள்ளை வேட்டி. இடது காலை இழுத்து இழுத்து நடந்தார். கெண்டைக்காலில் துணி சுற்றியிருந்தது.

"திருக்கை முள்ளு குத்திட்ச்சி," என்றார், யாரும் கேட்காமலே.

கொல்லையில் கட்டியிருந்த சீசர் அவரைப் பார்த்துக் குரைக்கவில்லை. எழுந்து நின்றது. வாயிலிருந்து எச்சில் நூல் நூலாகத் தரை வரைக்கும் இறங்கியது.

அன்றிலிருந்துதான் அது சோறு தின்னவில்லை.

பெனிட்டா என்னவெல்லாமோ வைத்துப் பார்த்தாள். பாலில் பிசைந்தாள். முட்டை அவித்தாள். நண்டு ஓட்டை உடைத்துச் சதை எடுத்து வைத்தாள். கோழி ஈரலை மஞ்சள் மட்டும் போட்டு வேகவைத்து, கையிலேயே எடுத்து ஊட்டப் போனாள். சீசர் ஒவ்வொன்றையும் முகர்ந்து பார்த்தது, பிறகு மரியாதையாக முகத்தைத் திருப்பிக்கொண்டது. பசியில்லாதவன் விருந்து வீட்டில் 'வேண்டாம்' என்று கையால் மறிப்பது போல.

ஜோஷ்வா விட்டுப்போன உயிர் இது ஒன்றுதான். இதையும் விட்டுவிட முடியாது. மீன் ஏற்றிப்போகும் ஆட்டோவில் ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே அதை மடியில் இருத்திக்கொண்டு பொன்னேரிக்குப் போனாள்.

கால்நடை டாக்டர் ரஞ்சித்குமார் இளவயதுக்காரர். சீசரின் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். நல்ல ரோஜா நிறம், ரத்தம் குறையவில்லை என்றார். பிடரித் தோலைக் கிள்ளி விட்டார். தோல் உடனே படிந்தது, உடம்பில் தண்ணீர்ச் சத்தும் இருக்கிறது. காது மடலுக்குப் பின்னாலிருந்து இரண்டு உண்ணிகளை இடுக்கியால் பிடுங்கி ஸ்பிரிட்டில் போட்டார். உடைந்த பல்லைத் தட்டிப் பார்த்தார்.

"எதையோ பலமா கடிச்சிருக்கும்மா. நுனி உள்ளயே மாட்டிகிட்டு உடைஞ்ச மாதிரி இருக்கு. ஆனா சீழ் கீழ் இல்ல. வலியால சாப்பிடாம இல்ல."

"அப்போ இன்னா சார் வியாதி? ஒரு வாய் எடுக்க மாட்டேங்குதே."

அவர் தராசைப் பார்த்தார். போன வருடம் வெறிநாய் ஊசி போட்ட அட்டையைப் புரட்டினார். மறுபடி தராசைப் பார்த்தார்.

"எடை ஏறியிருக்கும்மா. இது சாப்பிடுது. உங்க வீட்ல சாப்பிடல, அவ்ளோதான். வேற எங்கயோ கிடைக்குது."

"கட்டி வச்சிருக்கேன் சார்."

"யாராவது போடுவாங்க. பூச்சி மருந்து தர்றேன். சோத்த வச்சிட்டுக் கொஞ்ச நேரம் பாருங்க, தொடலன்னா எடுத்துடுங்க. நீங்க தினம் தினம் மாத்தி வைக்காதீங்க. அப்படி வச்சா நாய்க்கு ருசி தெரிஞ்சிடும். இதைவிட நல்லது வரும்னு காத்துகிட்டே இருக்கும்."

யார் போடுகிறார்கள் என்று பார்க்க, அன்று சாயங்காலம் அவள் அடுப்படி வாசலில் முறத்தோடு உட்கார்ந்தாள். மழை மூட்டத்தில் சீக்கிரமே இருட்டிவிட்டது. ஏரியிலிருந்து அழுகின பாசி வாசனையும் உப்பு வாசனையும் கலந்து வந்தன. கரண்ட் போயிருந்தது. கோயிலில் ஜெபத்துக்கு மணி அடித்து ஓய்ந்து, எதிர் வீட்டு ரோஸ்மேரி மெழுகுவத்தி ஏற்றிய நேரத்தில், படுத்திருந்த சீசர் எழுந்து நின்றது.

அதன் முன்னால் ஒன்றுமில்லை. வெறும் மணல்.

சீசர் தலையைத் தாழ்த்தியது. வாயைத் திறந்து எதையோ கவ்வியது. முன்னங்காலை ஊன்றிப் பின்னுக்கு இழுத்தது. கழுத்து நரம்பு புடைத்தது. பிறகு தலையை ஒருக்களித்துக் கடைவாயில் வைத்து மெல்லத் தொடங்கியது.

மெல்லும் சத்தம் கேட்டது.

ஈரமான சத்தம். நடுவில் நார் பிரிகிற சத்தம். விழுங்கியது. தொண்டை ஏறி இறங்கியது. மறுபடி குனிந்தது.

"சீசர்!"

அவள் குரல் அவளுக்கே பிசகிக் கேட்டது. நாய் சட்டென்று நிறுத்தியது. திருடித் தின்று பிடிபட்டதுபோல் காதை மடித்துக்கொண்டு, வாலைப் பின்னங்காலுக்கிடையில் செருகிக்கொண்டு அவளைப் பார்த்தது. உதட்டோரம் ஏதோ கறுப்பாக ஈரமாக இருந்தது. அவள் மெழுகுவத்தி ஒன்றை ஏற்றிக்கொண்டு போவதற்குள் அது நக்கிவிட்டது.

மறுநாள் குழாயடியில் ரோஸ்மேரி குடத்தை வைத்துவிட்டுக் கிட்டே வந்தாள்.

"செங்கல்வராயன் சேதி கேட்டியா பெனி? காலு அழுகிப் போச்சாம். சக்கரை வியாதின்னு பட்டணத்துல பாதத்தையே எடுத்துட்டாங்க. வூட்டுக்குக் கூட்டியாந்தும் ஆறல. வெளக்கு வைக்கிற நேரம் ஆனா கத்துறாராம். 'தின்னுது, தின்னுது'ன்னு. கட்டு அவுக்காமலே உள்ள சதை கொறையுதாம். அவரு பொண்டாட்டி சொல்லி அழுவுது."

பெனிட்டா நிறைந்த குடத்தைத் தூக்காமல் நின்றாள்.

"நேத்தும் கத்துனாரா?"

"கத்துனாரு. ஆனா நேத்து பாதியிலயே சட்டுனு அடங்கிட்டாராம். யாரோ கூப்ட்டு நிறுத்துன மாதிரி."

அன்று சாயங்காலம் அவள் முறத்தைக்கூட எடுக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். மணி அடித்தது. சீசர் எழுந்தது. குனிந்தது. கவ்வியது. தெருக்கோடியில் இருந்த செங்கல்வராயன் மாடி வீட்டிலிருந்து, தெற்கே அடித்த காற்றில், ஓர் ஆண் அலறும் சத்தம் வந்தது.

அவள் கூப்பிட்டாள். "சீசர்."

நாய் நிறுத்தியது. அலறல் நின்றது.

அன்று இரவு முழுக்க ஜெபமாலையை உருட்டிக்கொண்டே இருந்தாள். ஜோஷ்வாவைக் கொன்றவர் இவர்தான் என்பது இப்போது அவளுக்குத் தெரியும். போலீஸ் சொல்லாததை நாயின் பல் சொல்லிவிட்டது. சந்தோஷப்பட வேண்டும். ஆனால் முடியவில்லை. இது பாவம். மனுஷனை மனுஷி நாய்க்குப் போடக் கூடாது. ஆகவே ஒவ்வொரு சாயங்காலமும் மணி அடித்ததும் அவள் சீசரின் கழுத்தைக் கட்டிக்கொண்டு பெயர் சொல்லிக் கூப்பிட்டபடியே இருந்தாள். கைக்குள் அதன் தாடை இறுகி இறுகித் தளர்ந்தது. அதன் கண்ணில் நீர் வழிந்தது. எதிர் வீட்டிலிருந்து ரோஸ்மேரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

தெருக்கோடி வீடு அமைதியானது. காயம் ஆறுகிறது என்றார்கள்.

சீசர் இளைத்தது.

விலா எலும்புகள் வலைக் கழி போல் வரிசையாகத் தெரிந்தன. ஈறு வெளுத்தது. தோலைக் கிள்ளினால் கிள்ளிய இடத்திலேயே கூடாரம் போல் நின்றது. சோறு, பால், ஈரல், டாக்டர் எழுதிக் கொடுத்த டானிக் எதையும் தொடவில்லை. தண்ணீரைக்கூட ஊசிக் குழாயால் கடைவாயில் விட வேண்டியிருந்தது.

போனில் டாக்டர் சொன்னார்: "முன்னாடி எங்க சாப்பிட்டுச்சோ அங்கயே விட்டுடுங்கம்மா. பிடிச்சத சாப்பிடட்டும். இப்படியே போனா பொழைக்காது."

மறுநாள் மதியம் பெனிட்டா செங்கல்வராயன் வீட்டுக்குப் போனாள். ஜன்னலெல்லாம் சாத்தியிருந்த அறை. டெட்டால் நெடிக்கு அடியில் கருவாட்டுக் குழியின் நெடி. பாதத்தை மட்டும் எடுத்ததாகத்தான் சொன்னார்கள், ஆனால் போர்வை இடது முழங்காலோடேயே தட்டையாகி விட்டிருந்தது. அவர் மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு வெளியே போய்விட்டாள்.

"உன் நாயைக் கட்டிப் போடும்மா," என்றார்.

"கட்டித்தான் இருக்குது."

"பொய் சொல்லாத. தெனம் வந்துச்சு. அன்னிக்கி படகுல கடிச்ச அதே எடத்துல..."

"எந்தப் படகுல?"

அவர் உதடு காய்ந்திருந்தது. நாக்கால் தடவிக்கொண்டார்.

"நான் மோதணும்னு மோதல. பயமுறுத்தலாம்னுதான் வந்தேன். அவன் தண்ணில விழுந்துட்டான். நீந்தி வந்து என் படகு ஓரத்தப் பிடிச்சான். நாய் எங்கிருந்தோ தாவி என் கால கவ்வுச்சு. நான் அத ஒதறினதுதான். உன் புருஷன் மேல நான் கையே வக்கல."

"யாரு வச்சது?"

செங்கல்வராயன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். "மோட்டார் ஓட்டினவனக் கேளு."

அவர் படகில் மோட்டார் ஓட்டியவன் பால்ராஜ். பெனிட்டாவின் தம்பி. அம்மா செத்தபோது பால்குடி மறக்காத பிள்ளை. இவள்தான் சோற்றைக் குழைத்து ஊட்டி வளர்த்தாள். அன்றைக்குக் காய்ச்சல், வீட்டில் படுத்திருந்தேன் என்று அவன் சொல்லியிருந்தான். அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாளா? நினைவில்லை.

எழுந்தாள். பின்னால் அவர் குரல் இறங்கிப்போய்க் கெஞ்சியது.

"அதுக்கு வேற எதையாச்சும் போடும்மா. கோழி, ஆடு... நான் வாங்கித் தர்றேன். தெனம் வாங்கித் தர்றேன்."

வாசற்படியில் நின்று அவள் திரும்பிப் பார்த்தாள்.

"எல்லாம் வச்சுப் பாத்துட்டேன். அவனுக்கு வேற எதுவும் பிடிக்க மாட்டேங்குது."

அன்று சாயங்காலம் மணி அடித்தபோது அவள் சீசரைக் கட்டிக்கொள்ளவில்லை. சங்கிலியைக் கொஞ்சம் நீட்டிவிட்டாள். அடுப்படிக்குப் போய்ப் பாத்திரம் தேய்க்க உட்கார்ந்தாள். தேங்காய் நாரும் சாம்பலும் வைத்துக் கரி பிடித்த சட்டியை அழுத்தி அழுத்தித் தேய்த்தாள். அதையும் மீறிக் காற்றில் அலறல் வந்தது. தேய்த்தாள். சட்டி பளபளத்தது.

சீசரின் ஈறு மறுபடி சிவந்தது. ரோமம் மின்னியது. மார்கழி பிறப்பதற்கு முன் செங்கல்வராயன் செத்துப்போனார். குளிப்பாட்டினவர்கள் இடுப்புக்குக் கீழே போர்வையை விலக்கவில்லை என்று ரோஸ்மேரி சொன்னாள்.

முடிந்தது என்று பெனிட்டா நினைத்தாள். அன்று குருணைச் சோற்றில் கருவாட்டுத் தூளைத் தூவி, சந்தோஷமாகவே கொண்டுபோய் வைத்தாள்.

சீசர் முகர்ந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டது. பிறகு ஏரிப் பக்கம் பார்க்காமல், தெருக்கோடியைப் பார்க்காமல், பால்ராஜ் குடியிருந்த கிழக்குச் சந்துப் பக்கமே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தது. வாயிலிருந்து எச்சில் இறங்கியது.

அவள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

பால்ராஜ் மறுநாளே வந்தான். பொழுது சாய்கிற நேரம், மழை பிடித்துக்கொண்டிருந்தது. ஜோஷ்வாவின் ஜெபத்துக்குப் பிறகு இந்த வீட்டுப் படியை அவன் மிதித்ததே இல்லை. கண் உள்ளே போயிருந்தது. கையில் ஒரு பிரியாணிப் பொட்டலம்.

"நாய்க்கு வாங்கியாந்தேன் அக்கா. சாப்புட மாட்டேங்குதுன்னு சொன்னாங்க."

அவளைக் கேட்காமலே பிரித்து சீசர் முன்னால் வைத்தான். கோழிக் கறியும் எலும்பும் எண்ணெய் மினுங்கக் கிடந்தன. சீசர் அதைப் பார்க்கவேயில்லை. அவனைப் பார்த்தது.

"துன்னுடா," என்றான் பால்ராஜ். குரல் கீச்சிட்டது. "துன்னு. துன்னேன்டா!"

பெனிட்டா குனிந்து பொட்டலத்தை எடுத்தாள். மசாலா வாசனைக்குப் பின்னால் இன்னொன்று. வயலுக்கு அடிக்கிற மருந்து.

"இன்னாடா இது?"

அவன் தூணில் சாய்ந்தபடியே சரிந்து உட்கார்ந்தான்.

"நேத்து மணி அடிச்சதும் ஒரு விரல் மரத்துப் போச்சு அக்கா. செத்த நேரம்தான். நகத்துகிட்ட பாத்தா பல்லுத் தடம்." வலது கையை மார்போடு அணைத்துக்கொண்டான். "அவருதான் அடிடான்னாரு. இல்லன்னா உன்னையும் தள்ளிடுவேன்னாரு. துடுப்பு என் கைல இருந்துச்சு. மாமா கையி படகு ஓரத்துல இருந்துச்சு."

"எத்தினி தபா அடிச்ச?"

கூரையிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது.

"மாமா ஒன்னுமே சொல்லலியா?"

"'பால்ராஜு'ன்னு கூப்ட்டாரு."

பெனிட்டா பொட்டலத்தை மடித்துச் சாக்கடையில் எறிந்து, கையை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்தாள்.

"துன்னியா நீ?"

அவன் இல்லையென்று தலையாட்டினான்.

"உள்ள வா. சோறு சூடா இருக்குது."

அவன் அழுதுவிட்டான். சின்னப் பிள்ளையில் அழுததுபோலவே மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்து சம்மணமிட்டு உட்கார்ந்தான். அவள் தட்டு வைத்தாள். சோறு போட்டாள். இறால் குழம்பை ஊற்றினாள். அவன் வலது கையைச் சோற்றில் வைத்துப் பிசைந்தான்.

கோயில் மணி அடித்தது.

சீசர் நீட்டிவிட்ட சங்கிலியை இழுத்துக்கொண்டு வாசற்படியில் வந்து நின்றது. குனிந்தது. கவ்வியது.

பால்ராஜின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. எடுக்கப் பார்த்தான். வரவில்லை. இடது கையால் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தான். சுண்டுவிரல் நகம் வெளுத்தது. பக்கத்தில் சின்னச் சின்னக் குழிகள் விழுந்தன. குழம்பு சிவப்பாகியது.

வாசற்படியில் மெல்லும் சத்தம்.

"கூப்புடு அக்கா. அத்த கூப்புடு. நீ கூப்ட்டா நிறுத்தும்னு ஊரே சொல்லுது. அக்கா!"

அவள் வாய் திறந்தது. நாக்கு நுனியில் நாயின் பெயர் வந்து நின்றது. அவனுக்கு முதல் பல் முளைத்தபோது அவள் விரலைத்தான் கடித்தான்.

வாயை மூடிக்கொண்டாள்.

இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

அவன் அலறினான். மழையில் தெருவுக்குக் கேட்டிருக்காது. கேட்டிருந்தாலும் யாரும் வந்திருக்க மாட்டார்கள்.

அப்போதுதான் சேற்று வாசனை வந்தது. ஏரியின் அடியில் கிடக்கிற கறுப்புச் சேறு. சீசர் மெல்லுவதை நிறுத்தாமலே வாலை ஆட்டியது. ஒருவருக்கு வழிவிடுவதுபோல் ஒதுங்கி நின்றது. சிமெண்டுத் தரையில் ஈரம் உள்ளே நகர்ந்து வந்தது. பால்ராஜுக்கு எதிரில், ஓர் ஆள் சம்மணமிட்டு உட்காரும் அகலத்துக்குப் பரவி, நின்றது.

பெனிட்டா அலமாரியிலிருந்து இன்னொரு தட்டை எடுத்தாள். ஈரத்துக்கு முன்னால் வைத்தாள். சோறு போட்டாள். குழம்பு ஊற்றினாள். தள்ளி உட்கார்ந்தாள்.

சோறு மெல்ல அமுங்கியது. யாரோ பிசைந்தார்கள். ஐந்து விரல் படும் இடத்தில் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் குழி பறித்தன. மற்ற மூன்றும், உள்ளே எலும்பே இல்லாததுபோல், சோற்றின் மேல் ஈரமாக இழுபட்டுக்கொண்டு போயின.